எட்டாவது பீரியட்

ரஞ்சனியின் சான்றிதழ்கள் பதினோரு வருடங்களாக ஒரு இரும்பு பீரோவில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.இ., எம்.இ. எல்லாம் அசல். திருச்சியிலிருந்து மணப்பாறைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். சேருகிற எல்லோரும் கொடுக்க வேண்டும். "பத்திரமா இருக்கும் மேடம்" என்றார் வாங்கி வைத்தவர். பத்திரமாகத்தான் இருக்கின்றன.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தது மணப்பாறைக்குப் பக்கத்தில். அப்பா கடலை போட்டார், மாடு வாங்கி விற்றார். கணவன் அழகர்சாமி துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். பெரிய தொழிற்சாலையிலிருந்து வேலை வந்தால் பட்டறை ஓடும், வராவிட்டால் இவன் வீட்டில் இருப்பான். ஸ்ரீரங்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறார்கள். கல்லூரிப் பேருந்து ஏழே காலுக்கு வரும்.

சிவில் துறையில் நில அளவைப் பாடம் எடுக்கிறாள். அவள் சேர்ந்தபோது வகுப்பில் அறுபது பேர். இப்போது ஒன்பது பேர். கருவியை மைதானத்தில் நிறுத்தி ஒன்பது பேரும் மாறி மாறிப் பார்த்தாலும் அரை மணியில் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் வெயிலில் நிற்கிறார்கள்.

பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவள் ஷஹனாஸ். பாலக்கரையில் ஏறுவாள். கம்ப்யூட்டர் துறை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதுதான் அவள் பாடம். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். 'எட்டாவது பீரியட்' பற்றி முதலில் சொன்னது ஷஹனாஸ்தான்.

கல்லூரிகளில் ஒரு நாளுக்கு ஏழு பீரியட். எட்டாவது என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் யாரோ ஒரு இணையதளம் தொடங்கியிருந்தார்கள். தனியார் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி அறை. அந்தக் கல்லூரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் நுழைய முடியாது. சொந்தப் பெயர் கிடையாது. நிர்வாகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

"உண்மையிலேயே அந்தக் காலேஜ்ல வேலை பாக்குறோமான்னு எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"காலேஜ் மெயில் ஐடி குடுக்கணும். அதுக்கு ஒரு நம்பர் அனுப்புவான். அதைப் போட்டா கதவு திறக்கும். அதுக்கப்புறம் அந்த மெயிலே வேண்டாம். அழிச்சிடு."

பேருந்திலேயே சேர்ந்தாள். ஆறு இலக்க எண் வந்தது. போட்டாள். மெயிலை அழித்தாள். புனைபெயர் கேட்டது. 'தூக்குக்குண்டு' என்று போட்டாள்.

ஷஹனாஸ் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, கொத்தனார்கூட கண்டுபிடிச்சிடுவான் இது சிவில்காரின்னு. மாத்து, மாத்து."

'ஜன்னல் சீட்' என்று மாற்றினாள். ஷஹனாஸ் தன் பெயரைச் சொல்லவில்லை. ரஞ்சனியும் கேட்கவில்லை. அறையில் பல பெயர்கள் இருந்தன. காலி நாற்காலி, செகண்ட் ஷிப்ட், மோர்மிளகாய். யார் யாரென்று தெரியாமல் பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு மாதத்தில் அது போய்விட்டது. ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் துறையில் ஆசிரியர்கள் என்று புதிய முகங்கள் உட்கார்ந்திருப்பதை ஒருவர் எழுதினார். விரல் ரேகை வைக்க மூன்று நிமிடம் தாமதமானதற்கு அரை நாள் விடுப்பு போனதை இன்னொருவர் எழுதினார். ஆசிரியர்கள் ஓய்வறையில் இவர்கள் எல்லோரும் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே குழம்பைப் பற்றிப் பேசினார்கள்.

மே மாதம் ரஞ்சனியும் ஒன்று எழுதினாள்.

மே மாதத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்து மாணவர்களைப் பிடித்து வர வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். அவரவர் சொந்த ஊருக்குப் போக வேண்டும், பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்று. ரஞ்சனி பிறந்த ஊருக்குப் போனாள். பவுனம்மாள் வீட்டில் உட்கார்ந்து கல்லூரியின் வண்ணப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். சின்ன வயதில் ரஞ்சனிக்கு ஜடை பின்னிவிட்டவள் அவள். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு பவுனம்மாள் கேட்டாள்:

"இம்புட்டுப் படிச்சிப்புட்டு நீயே வீடு வீடா அலையுற ஆத்தா. எம்புள்ளையும் அலையுறதுக்கா அங்க சேக்கணும்?"

அதை அப்படியே எழுதினாள். ஊர்ப் பெயர் போடவில்லை. ஜடை பின்னியதை எழுதினாள். மோர்மிளகாய் கீழே எழுதியது: "என்னிடம் இதே கேள்வியை என் தங்கை கேட்டாள். நான் பிரசாதம் மாதிரி நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்தேன்." ரஞ்சனி அன்று பேருந்தில் தனியாகச் சிரித்தாள். யாரென்று தெரியாத ஒருவருக்கு நன்றி என்று எழுதினாள்.

அக்டோபர் கடைசியில் அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வின் பட்டியல் வந்தது. அவள் எண் அதில் இருந்தது. நவம்பர் பத்தொன்பது, புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கொண்டு வர வேண்டும். வராதவர்கள் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அழகர்சாமி அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தான். "அசல்னா அந்த பீரோல இருக்குறதா?"

"ஆமா."

"கேட்டா குடுத்துடுவானுங்கல்ல?"

கேட்டுக் கிடைத்தவர்களை அவளுக்குத் தெரியாது. செமஸ்டர் நடுவில் யாருக்கும் கொடுத்ததில்லை. வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னவர்களுக்குச் செமஸ்டர் முடிந்தும் கொடுத்ததில்லை.

அறையில் கேட்டாள். "அசல் சான்றிதழை வெளியே எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பத்தொன்பதாம் தேதிக்குள் எனக்கு வேண்டும்."

இரண்டு நாள் யாரும் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் மோர்மிளகாய் எழுதியது. "உண்மையைச் சொல்லாதீர்கள். பிஎச்.டி. பதிவுக்குப் பல்கலைக்கழகத்தில் அசல் கேட்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் பிஎச்.டி. படித்தால் கல்லூரிக்கு லாபம், மறுக்க மாட்டார்கள். இரண்டு நாளில் திருப்பித் தருவதாக இன்னொரு ஆசிரியர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் போதும் உங்களுக்கு."

அதன்படியே கடிதம் எழுதினாள். ஷஹனாஸ் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீ திரும்பி வரலைன்னா என் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு செக்ரட்டரி ரூம்லயே மாட்டிடுவானுங்க. பொட்டு வச்சி, மாலை போட்டு."

"வந்து குடுத்துட்டுத்தான் ராஜினாமா பண்ணுவேன்."

"தெரியும்டி. போ."

பதினொன்றாம் தேதி கடிதத்தைக் கொடுத்தாள். பதின்மூன்றாம் தேதி நான்காவது பீரியடில் செக்ரட்டரி அழைப்பதாக ஆள் வந்தது.

செக்ரட்டரி கல்லூரியைத் தொடங்கியவரின் மகன். நாற்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். உட்காரச் சொன்னார். மேஜையில் அவள் கடிதம் இருந்தது. பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்றில் பவுனம்மாள் கேட்ட கேள்வி அச்சாகியிருந்தது. இன்னொன்றில் அவள் கேட்ட கேள்வியும் மோர்மிளகாயின் பதிலும்.

"எந்த யுனிவர்சிட்டி மேடம், பிஎச்.டி.?"

அவள் அச்சான தாள்களைப் பார்த்தாள்.

"உள்ள இருக்குற ஒருத்தரே போட்டோ எடுத்து அனுப்பினாரு. அதுல பேரு இல்ல. பரவால்லன்னு மெயில்ல பாக்கச் சொன்னேன். அந்த சைட்லேர்ந்து நம்ம ஸ்டாஃப் யார் யாருக்கு நம்பர் வந்திருக்குன்னு." மூன்றாவது தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "இருபத்து மூணு பேரு. இந்த 'இம்புட்டு', 'ஆத்தா' எல்லாம் மணப்பாறைப் பக்கத்துப் பேச்சு. அதுல அந்தப் பக்கம் அட்மிஷனுக்குப் போனது நீங்க ஒருத்தர்தான்."

அவள் மெயிலை அழித்திருந்தாள். அதைச் சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"இருபத்து மூணு பேரையும் அனுப்பிட்டா கிளாஸ் யாரு எடுக்குறது? எனக்கு அது வேண்டாம். இதை நம்ம காலேஜ்ல யாரு ஆரம்பிச்சான்னு ஒரு பேரு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அன்னைக்கே உங்க ஒரிஜினலை வாங்கிட்டுப் போலாம். கவர்ன்மென்ட் வேலைக்குத்தானே? சந்தோஷம்."

"எனக்குத் தெரியாது சார்."

"உங்களை யாரு உள்ள கூட்டிட்டுப் போனாங்களோ, அந்தப் பேரு போதும்."

"நானாத்தான் சேர்ந்தேன்."

"யோசிச்சிட்டு வாங்க. பத்தொன்பதுக்கு நாள் இருக்கு."

மாலை பேருந்தில் ஷஹனாஸ் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். அவளை இரண்டாவது பீரியடிலேயே அழைத்திருந்தார்கள். பாதி வழி தாண்டியதும் ஷஹனாஸ் ஜன்னலைப் பார்த்தபடி, முன்சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"போன வாரம்தான்டி போர்டுல வரைஞ்சேன். இந்தப் பக்கம் ஒரு மெஷின், அந்தப் பக்கம் ஒரு மெஷின், நடுவுல ஒரு பெட்டி. எந்த மெயிலும் இந்தப் பெட்டிக்குள்ள வந்துட்டுத்தான் போகும், நீங்க அழிச்சாலும் வந்துபோன தடம் அங்க இருக்கும், பெட்டிக்காரன் பாக்கலாம். பதினோரு வருஷமா வரையுறேன். பெட்டிக்காரன் யாருன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

"விடு."

"உன் பேரை மாத்தச் சொன்னேன். தூக்குக்குண்டு வேண்டாம்னு. அவ்ளோ புத்திசாலி நான்." சிரிக்கப் பார்த்தாள். "என்ன கேட்டாரு உன்கிட்ட?"

"உன்கிட்ட கேட்டதைத்தான்."

அதற்குமேல் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கவில்லை. பாலக்கரையில் இறங்கும்போது வழக்கமாகத் தோளில் தட்டுவாள். அன்று கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்று எட்டாவது பீரியடிலிருந்து பலர் வெளியேறியிருந்தார்கள். மறுநாள் அறையில் நான்கு பெயர்கள் மிஞ்சின. யாரும் எதுவும் எழுதவில்லை. ஓய்வறையில் குழம்பைப் பற்றியும் பேசவில்லை.

திங்கட்கிழமை மதியம் பீமராவ் அவளைத் தேடி ஆய்வகத்துக்கு வந்தார். கல்லூரியின் கம்ப்யூட்டர்களையும் மெயிலையும் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஸ்ரீரங்கத்தில் அவள் ஏறும் நிறுத்தத்தில்தான் ஏறுவார், டிரைவருக்குப் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். ஆய்வகத்தில் அளவைக் கருவிகளைத் தவிர யாரும் இல்லை. ஒரு உறையை நீட்டினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எல்லாரோட ஒரிஜினலையும் ஸ்கேன் பண்ணச் சொன்னாங்க மேடம். அதுலேர்ந்து எடுத்தேன். கலர் பிரிண்ட். நல்ல பேப்பர். இதாவது கையில இருக்கட்டும்."

அவள் பிரித்துப் பார்த்தாள். அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை அவள் பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறாள்.

"ரொம்ப நன்றி சார்."

அவர் போகவில்லை. கருவியைத் தாங்கும் ஒரு முக்காலியின் திருகைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"லிஸ்ட் எடுத்துக் குடுத்தது நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வேற யாரு சார் எடுக்க முடியும்."

"மொத்தம் இருபத்து நாலு பேரு மேடம். நான் இருபத்து மூணு குடுத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நம்ம காலேஜ் ரூமைத் திறந்ததே நான்தான். முதல் ஆளு. மெயிலுக்கு வந்தா பெட்டியில தடம் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பாக்குறவன் நான்தானேன்னு இருந்தேன். என்னையே பாக்கச் சொல்லுவாங்கன்னு நினைக்கல. எழுதும்போது என் பேரை மட்டும் விட்டுட்டேன். உங்க பேரையும் விட்டிருக்கலாம். அப்பத் தோணல. அப்புறம் தோணுச்சு." திருகை இறுக்கினார். "மோர்மிளகாய்னு ஒருத்தர்... உங்களுக்கு பிஎச்.டி. யோசனை சொன்னது."

"நீங்களா சார்?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு இங்க. டிப்ளமோ. இந்த வயசுல வெளியில போனா சைபர் கஃபேலகூட எடுக்க மாட்டான். கஃபேயும் இல்ல இப்ப." சிரித்தார். "யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு அவள் முக்காலியைச் சரியாக நிறுத்தினாள். கையில் அவளுக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. ஷஹனாஸின் பெயர் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அவர்தான் ஆரம்பித்தார். அவர்தான் இருபத்து மூன்று பேரை எழுதிக் கொடுத்தார். தன்னை மட்டும் விட்டார். இதையெல்லாம் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டாள். அழகர்சாமியிடமும் சொன்னாள்.

அவன், "நல்ல மனுஷனா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குற?"

"நான் கேக்கலயே."

"சரி" என்றான்.

செவ்வாய்க்கிழமை பதினெட்டாம் தேதி. செக்ரட்டரியின் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடிக்குள் அலுவலகம் தெரிந்தது. பீரோ தெரிந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. உள்ளே அழைத்தார்கள்.

"எழுதிட்டு வந்தீங்களா மேடம்?"

"எழுதல சார். சொல்றேன். பீமராவ் சார்."

சொல்லியாகிவிட்டது. மூன்று வினாடிகூட ஆகவில்லை. செக்ரட்டரி பேனாவை எடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் பெயர்கள். இருபத்து நான்கு. முதல் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"மெயில் நடத்துற கம்பெனிக்காரன்கிட்ட தனியா ஒரு லிஸ்ட் வாங்கினேன். ரெண்டையும் வச்சுப் பாத்தா ஒரு பேரு குறையுது. முதல்லயே தெரியும் மேடம்."

"அப்ப அவரை..."

"எதுக்கு அனுப்பணும்? நல்லா வேலை பாக்குறாரு. இனிமே இன்னும் நல்லாப் பாப்பாரு."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "சார், நாளைக்கு எனக்கு..."

"எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லியிருந்தா பேச்சு வேற. தெரிஞ்சதைச் சொல்றீங்க, அதுவும் எழுதாம." அவளுடைய பிஎச்.டி. கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "செமஸ்டர் முடியட்டும். பாத்துக்கலாம். கிளாஸ் இருக்குல்ல? போங்க."

வகுப்பு இருந்தது. ஒன்பது பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். எடுத்தாள்.

புதன்கிழமை விடியற்கால ரயிலில் சென்னை போனாள். உடல்நலமில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் வரிசையாக மேஜைகள். முன்னால் நின்ற பெண் சான்றிதழ்களை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்தாள். மடிப்பு விழுந்து, ஓரம் பழுப்பேறியிருந்தன. ரஞ்சனியின் தாள்கள் பளபளவென்று இருந்தன.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வாங்கினார். முத்திரை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். மேடு எதுவும் தட்டுப்படவில்லை.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"காலேஜ்ல வச்சிருக்காங்க மேடம். கேட்டேன். தரல."

"இன்னிக்கு நீ ஆறாவது ஆள், இதையே சொல்றது." குரலில் கோபம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஓடிப்போய் வாங்கிட்டு வா."

"திருச்சி மேடம்."

அந்த அம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தார். தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பட்டியலில் அவள் எண்ணுக்கு நேரே ஏதோ எழுதினார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நான்கு மணி வரை ரஞ்சனி அந்தப் பள்ளிக்கூட வாசலில் இருந்தாள். எதற்கென்று தெரியாது. நான்கு மணிக்கு உள்ளேயிருந்து மேஜைகளை இழுக்கும் சத்தம் வந்தது.

மறுநாள் ஏழே காலுக்குப் பேருந்து வந்தது. பீமராவ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. செக்ரட்டரி அவரிடம் என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா, அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் ஏறுவதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"உடம்பு பரவால்லையா மேடம்?" என்று கேட்டார், டிரைவருக்குக் கேட்கும்படி. பிறகு குரலைத் தணித்து, "அந்த கலர் பிரிண்ட்... உதவுச்சா?"

அவர் கண்ணைப் பார்க்காமல் அவள் படியில் கால் வைத்தாள்.

"உதவுச்சு சார்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார். தன் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பாலக்கரையில் ஷஹனாஸ் ஏறினாள். ரஞ்சனிக்குப் பக்கத்து இடம் எப்போதும்போலக் காலியாகத்தான் இருந்தது. மூன்று வரிசை பின்னாலும் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள்.